அண்ணாச்சியின் வாயில் என் ஊர்ப் பேச்சு

முதல் நாள் வேலைக்குப் போனதும் தலைமைத் தாதி என்னிடம் சொன்னது, "பெரியவங்ககிட்ட தினமும் கொஞ்ச நேரம் பேசுங்க" என்பதுதான். இந்தியப் படங்கள் பார்த்து வளர்ந்த எனக்கு அதன் பொருள் தெரியாததல்ல. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குப் பேசினோம் என்றால் ஏசினோம் என்று அர்த்தம். படுக்கையில் கிடக்கும் முதியவர்களைத் தினமும் ஏசச் சொல்கிறார்களே என்று என் காது ஒரு கணம் திடுக்கிட்டது. எங்களுக்குப் பேசுவதென்றால் கதைப்பது. அன்று மத்தியானம் குழப்புவது என் முறையாயிற்று. "ஐயாவோட கதைச்சுக்கொண்டிருந்தனான்" என்று நான் சொல்ல, கூட்டிக்கொண்டிருந்த அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "கதை சொல்லுதியளா? சத்தமாச் சொல்லுங்க, நாங்களும் கேக்கோம்" என்று வந்து உட்கார்ந்துவிட்டார். கடல் தாண்டிப் போகிற எங்கள் யாழ்ப்பாணத்தார் ஜெர்மனும் பிரெஞ்சும் படிக்கிறார்கள். நான் தமிழிலிருந்து தமிழுக்கு வந்தவள். வாயைத் திறக்கும்வரை என்னை யாரும் வெளியூர்க்காரி என்று நினைப்பதில்லை.

கொழும்பில் துணிக் கம்பெனியில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தேன். தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை கிடைத்தது. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் இங்கே சில மாதம் தங்கி, எழுந்து நிற்கவும் கரண்டி பிடிக்கவும் மறுபடி பழகிப் போகிறார்கள். போக வீடில்லாதவர்கள் இங்கேயே இருந்துவிடுகிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஜெபா மேடம் வாரம் ஒருமுறை வந்து பேச்சுப் பயிற்சியைத் தீர்மானித்துக் கொடுப்பார். மற்ற நாட்களில் அதைச் செய்விப்பது என் வேலை. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலும் இதையேதான் செய்தேன். அங்கே முதியவர்களின் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். இங்கே துபாயிலும் சென்னையிலும். இரண்டு ஊரிலும் கட்டிலருகே மாட்டியிருக்கும் தொலைபேசிக்குள்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சண்முகையா அண்ணாச்சி திருநெல்வேலி டவுணில் துணிக்கடை வைத்திருந்தவர். ரத வீதியில் போகிறவர்களை வாசலில் நின்று கூப்பிட்டே உள்ளே இழுத்துவிடுவாராம். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாய் திறப்பார், சொல் வராது, இடக்கையால் தொடையில் அடித்துக்கொள்வார். அவர் மனைவி கோமதி அம்மாள் தினமும் டவுண் பஸ்ஸில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கும் சேர்த்துத் தானே பேசிவிட்டுப் போவார்.

நான் படங்களைக் காட்டுவேன். தட்டு, செம்பு, வேட்டி. அவர் வாய் அசையும்போது, "ஓம், ஓம், சொல்லுங்கோ" என்று தூண்டுவேன். சரியாக வந்தால், "வடிவாச் சொன்னீங்கள்" என்பேன். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு காலை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு அண்ணாச்சி தெளிவாக, "ஓம்" என்றார். கோமதி அம்மாள் எழுந்து நின்று கைகூப்பினார். "சாமி பேரச் சொல்லுதாக! நெல்லையப்பா, மொத வார்த்தையே உன் மந்திரமால்லா இருக்கு!" அறை முழுக்கத் திருநீறு பூசினார், எனக்கும் சேர்த்து. எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம் என்பதுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே, கோப்பாயில், என் அப்பா தனியாக இருக்கிறார். "சாப்பிட்டீங்களோ?" "ஓம்." "மருந்து போட்டீங்களோ?" "ஓம்." தொலைபேசியில் அவர் எனக்குத் தருவது அந்த ஒரு சொல்தான். அதே சொல் தாமிரபரணிக் கரையில் இன்னொரு வயோதிபரின் வாயிலிருந்து வந்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு நாளில் கோமதி அம்மாளுக்கே விஷயம் புரிந்துவிட்டது. தோசைக்கும் ஓம், சட்னிக்கும் ஓம் என்றால் எந்த மந்திரம் அது? "ஏ யம்மா, எங்க வீட்டு மனுசன ஒங்க ஊருக்காரரா மாத்திட்டியே" என்று சிரித்தார். ஜெபா மேடம் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போய் வீட்டாளுகளோட பேச வேண்டியவரு. அவங்க பேச்சுல சொல்லிக்கொடுங்க" என்றார். நியாயம்தான். அன்றிலிருந்து நாக்கைக் கவனித்துப் பேசினேன். ஆனால் ஏற்கெனவே விழுந்த சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது?

அடுத்த வாரம் கோமதி அம்மாள் மாம்பழ நிறத்தில் புதுச் சேலை கட்டி வந்தார். அண்ணாச்சி அவரையே பார்த்தார். உதடுகள் கூடின. "வடிவு" என்றார். நான் சந்தோஷத்தில் கைதட்டிவிட்டேன். கோமதி அம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அண்ணாச்சி நடைப்பயிற்சிக் கம்பியைப் பிடிக்க மறுத்தார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வேலை முடிந்ததும் டவுணுக்குப் போய் அவர்கள் வீட்டைத் தேடிப் பிடித்தேன். கோமதி அம்மாள் கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"யாரு வடிவுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார். "எங்க கடையில துணி மடிச்சுப் போட்ட பிள்ள. கல்யாணமாயி தூத்துக்குடி போயிட்டா. ஊருல நாலு பேரு நாலு விதமாச் சொன்னாக. நான் ஒரு நாளும் அவுககிட்ட வாயத் தொறந்து கேட்டதில்ல. இப்ப எம் பேரு வரல, அவ பேரு வருது."

"அம்மா, அது பேர் இல்லை. எங்கட ஊரில வடிவு எண்டா அழகு. நான்தான் அவருக்கு முன்னால அதை ஓயாமச் சொன்னனான்."

"அவுகள காப்பாத்த நீ ஒண்ணு சொல்லுத."

"நான் ஏன் பொய் சொல்லப்போறன்? வந்து அவரையே கேளுங்கோ."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலை வந்தார். அதே சேலைதான். கட்டிலுக்குச் சற்றுத் தள்ளியே நின்று, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டார்: "யாரச் சொன்னீக?"

அண்ணாச்சி இடக்கையை நீட்டினார். கோமதி அம்மாள் மெல்ல அருகே வந்தார். சேலை முந்தியைக் கடையில் துணி பார்ப்பதுபோல இரண்டு விரலால் நெருடினார் அண்ணாச்சி. பிறகு அதை விட்டுவிட்டு மனைவியின் முகத்தைச் சுட்டினார். வாய் கோணியது, எச்சில் வழிந்தது. "வடிவு" என்றார். இன்னும் முயன்று, "நீ" என்றார். அந்தச் சொல்லை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கோமதி அம்மாள் முந்தியாலேயே அவர் வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "இந்தக் கட்டையப் பாத்து இத்தனை வருசத்துல ஒரு தடவ சொல்லிருப்பீகளா?" என்று திட்டினார். யாழ்ப்பாணத்து அர்த்தத்தில் நன்றாகவே பேசினார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது, பாதி முகத்தில்.

கொஞ்ச நாளில் அவர் நடைச்சட்டம் பிடித்து நடந்தார். 'ஆமா' வந்தது, 'சரி' வந்தது. அவசரத்தில் மட்டும் என் சொற்கள் முந்திக்கொண்டன. வீட்டுக்குப் போகிற நாளில் வாசலில் ஆட்டோ நின்றது. ஒரு படி இறங்கியவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "போட்டு..." என்றார். மேற்கொண்டு வரவில்லை. "எதைப் போட்டுட்டிய அண்ணாச்சி?" என்று கூட்டுகிற அக்கா தரையில் தேடினார். எனக்குப் புரிந்தது. நாக்கைக் கவனித்த பிறகும் வேலை முடிந்து போகும்போது, "போட்டு வாறன் ஐயா" என்று அவரிடம் நான் சொல்லிக்கொண்டு போகிற வார்த்தை அது. எங்கள் ஊரில் 'போயிட்டு' என்பது 'போட்டு'. விடைபெறுவது அப்படித்தான்.

கோமதி அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், புருஷன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து, "வாரோம்மா" என்று முடித்தார். முன்பாதி கோப்பாயிலும் பின்பாதி டவுணிலுமாக ஒரே வாசகம் என் முன்னால் நின்றது. ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை கையை மட்டும் உயர்த்திக்கொண்டு படியில் நின்றேன்.