பூவாயியின் பாட்டுப் பெட்டியும் சேகரின் மூட்டைகளும்

பூவாயி மேல் புகார் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம். ஏற்காடு மலையில் இருக்கும் வெள்ளக்கடையில் ஐந்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வரிசையில் மூன்றாவது அவளுடையது, நான்காவது என்னுடையது. நடுவில் ஒரே சுவர். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடமாகக் காபி எஸ்டேட்டில் வேலை. பழம் பறிப்பாள், செடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டுவாள், மிளகு பறிக்க ஏணி ஏறுவாள். புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அதற்காக யாராவது உச்சுக் கொட்டினால் பூவாயி பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாள். மகள் புவனா சேலத்தில் நர்ஸ். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை அவள் அம்மாவிடமே விட்டுப் போயிருந்தாள்.

போன வருடம் ஏற்காட்டில் ஒரு ஹோட்டலைப் புதுப்பித்தபோது பழைய சாமான்களை விற்றார்கள். எல்லோரும் கட்டிலும் நாற்காலியும் வாங்கினார்கள். பூவாயி ஒரு ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய மர ஸ்பீக்கரும் வாங்கினாள். பஸ்ஸில் ஒன்றை மடியில் வைத்து, இன்னொன்றைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்தாள்.

"அந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"ஏனுங்கக்கா, கிரைண்டர் பாடுமுங்களா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கும் நான் பின்னால் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் ஐந்து வீட்டுக்கும் சொந்தக்காரர் சேகர், சேலத்து ஆள். டவுனில் மளிகைக் கடை, கூடவே காபிக்கொட்டை வியாபாரம். டிசம்பரில் அவருடைய குடோன் நிரம்பிவிடும். மிச்ச மூட்டைகளைப் பூவாயி வீட்டு முன்னறையில் அடுக்கிவிடுவார். வரிசையில் மற்ற நான்கு வீட்டிலும் ஆம்பளைகள் இருக்கிறார்கள். அங்கே அவர் கேட்டதே இல்லை. பூவாயியிடமும் கேட்கவில்லை. "ஒண்டிக்கட்டைதானே, எடம் சும்மாதானே கெடக்குது" என்று எங்கள் முன்னாலேயே ஆட்களிடம் சொல்வார். வருடா வருடம் முப்பது மூட்டை கூரை வரைக்கும் ஏறும். அவள் ஓரமாகப் பாயை விரித்துப் படுத்துக்கொள்வாள்.

ஸ்பீக்கர் வந்த அந்த டிசம்பரிலும் மூட்டை வந்தது. லேப்டாப்பை ஆம்ப்ளிஃபையரில் இணைத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்தாள். மேளம் எழும்பவே இல்லை, ஈரத்துணியைத் தட்டுவது போல இருந்தது. லேப்டாப்பில் பாட்டைத் திருத்தும் மென்பொருளைத் திறந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்திருக்கிறாள். எஸ்டேட்டில் ஆறு விதக் கத்தியைப் பார்த்தவளுக்கு நாலு பொத்தான் பெரிதல்ல. அதில் லோ ஷெல்ஃப் என்று ஒரு ஃபில்டர். ஓர் எல்லையைக் குறித்துக் கொடுத்தால், அதற்குக் கீழே உள்ள கனத்த சத்தம் முழுவதையும் சேர்த்து ஏற்றும் அல்லது இறக்கும். மேலே உள்ள குரலையும் நாதஸ்வரத்தையும் தொடாது. நூறு ஹெர்ட்ஸ் என்று எல்லை வைத்து, ஒன்பது டெசிபல் ஏற்றினாள். மொத்த சத்தத்தை முதலில் கொஞ்சம் இறக்கிவிட்டு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கரகரவென்று உடையும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். மேளம் எழுந்து உட்கார்ந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடித்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கேட்பாள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

பிப்ரவரியில் லாரி வந்து மூட்டைகளை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் ஐந்து மணிக்கு என் சுவரில் மாட்டியிருந்த தட்டு ஸ்டாண்டு தடதடவென்று ஆடி, இரண்டு தட்டு கீழே விழுந்தது. நான் சேகருக்கு போன் போட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார். பூவாயி வீட்டு வாசலிலேயே நின்று, "இந்தாம்மா, ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தப் பொட்டி வெளிய போவோணும். இல்லாட்டி நீ வெளிய போவோணும். பொம்பளைக்கு எதுக்கு இத்தாம் பெரிய பொட்டி?" என்றார்.

வீடு போனால் அவள் அடிவாரத்துக்குத்தான் போக வேண்டும். மலையில் வாடகைக்கு இடம் கிடைப்பது அவ்வளவு லேசில்லை. அடிவாரத்திலிருந்து தினமும் விடிகாலை பஸ் பிடித்து வேலைக்கு ஏறிவர வேண்டும். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எதுக்குன்னா கேக்கறதுக்குத்தானுங்க," என்றாள் பூவாயி. "நானும் போகலீங்க, பொட்டியும் போகாதுங்க. ஞாயித்துக்கெழமை வாங்க, பேசிக்கலாம்."

வாடகைக்காரி ஒருத்தி அவரிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் அவள் வீட்டிலிருந்து பாட்டே கேட்கவில்லை. ஒரே மேளத்தை நாலு விநாடி போடுவாள், நிறுத்துவாள். திரும்பப் போடுவாள். சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு டம்ளரை என் தட்டு ஸ்டாண்டில் வைத்து, "ஆடுனா செவுத்தைத் தட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெட்கத்தோடு உட்கார்ந்து தட்டினேன். முதலில் மொத்த சத்தத்தைக் குறைத்தாள், அப்போதும் டம்ளர் ஆடியது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தினாள், கொஞ்சம் குறைந்தது. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. திடீரென்று அவள் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சேகர் வந்தார். பூவாயி அவரை நேராக என் வீட்டுக்கு அழைத்து வந்து டம்ளர் முன்னால் நிறுத்தினாள்.

"டிசம்பர்ல உங்க மூட்டை என்னோட பாட்டைத் தின்னுபோட்டுதுங்க. அதுக்குத்தான் அடியில இருக்கற கனத்த சத்தத்தை ஏத்தி வெச்சேன். நீங்க மூட்டையை எடுத்துப்போட்டீங்க, நான் ஏத்துனதை எறக்க மறந்துட்டேன். தப்பு என்னுதுதான், ஆனா பாதி உங்களுதுங்க. இப்ப தரையைத் தொடுற கெளையைக் கழிக்கற மாதிரி அடியில மட்டும் கழிச்சிருக்கறேன். பாருங்க."

போய்ப் பாட்டைப் போட்டாள். ஒன்பது டெசிபல் ஏற்றியிருந்ததை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இப்போது நாலு டெசிபல் இறக்கி வைத்திருந்தாள். பாட்டு சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. டம்ளர் அசையவில்லை. சேகர் அதை உற்றுப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆடலீங்க," என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த டிசம்பரில் லாரி வந்தது, கூடவே சேகரும். ஆட்கள் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வர, பூவாயி கதவின் இரண்டு பக்கமும் கை வைத்து நின்றாள்.

"இந்த ஊட்டுல வேண்டாங்க."

"என்னம்மா புதுசா? வருசா வருசம் வெக்கறதுதானே?"

"வருசா வருசம் என்னைக் கேக்கலீங்க. இந்த வருசம் நானே சொல்றேன்."

சேகர் என்னைத் துணைக்குக் கூப்பிடுவது போலப் பார்த்தார். "மூட்டை வந்தா மறுபடி ஏத்துவா, போனா மறுபடி என்னோட தட்டு வுழுகும். எனக்கும் வேண்டாங்க," என்றேன். புகார் சொன்ன வாய்தானே, இதையும் சொல்லட்டும்.

மூட்டை சுமந்தவர் பாரம் தாங்காமல் முனகினார். சேகர் பூவாயியின் தலைக்கு மேலாக அந்த அறையை எட்டிப் பார்த்தார். "எடம் சும்மாதானே கெடக்குது?" என்றார், பழைய அதட்டல் இல்லாமல்.

"சும்மா கெடக்கலீங்க," என்றாள் பூவாயி. "நான் இருக்கறேன்."