வயலில் விழுந்த வகிடு

அவருக்கு ஊர் வைத்த பெயர் மூட்டைக்காரர். மற்றவர்கள் நெல்லுக்கு உரம் போடுவார்கள். இவர் விருந்தே வைப்பார். ஊரே இரண்டு தடவையோடு நிறுத்தினால் இவர் மூன்றாவதுக்கு மூட்டையைப் பிரிப்பார். அந்தப் பக்கம் போகிற வெள்ளை மாடு பச்சையாகத் திரும்பி வரும் என்று சிரிப்பார்கள்.

வீட்டிலோ சமையலறைக் கூரை ஒழுகியது. காலி உரச் சாக்குகளை மேலே விரித்துக் கல் வைத்திருந்தார். மழை வந்தால் அவர் மனைவி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் குடையுமாகச் சமைப்பார்.

"என்னங்க, பயிருக்கு அப்படிக் கொட்டுறீங்க. எனக்கு ஒரு தகரம் போடக்கூடாதா?"

"அறுவடை முடியட்டும், மாடியே கட்டிடலாம்."

"போன வருஷமும்தான் கட்டுனீங்க. வாயால."

மூன்றாம் தடவை யூரியா வீசும் காலை. இடுப்பில் பேசின், காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். பேசியது மனைவியின் அண்ணன், அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்.

"மாப்ள, இந்தத் தடவை என் வயலுதான் பச்சை."

"போ மச்சான்! அது பச்சைன்னா, என் வயலுக்கு வேற கலரு கண்டுபிடிக்கணும்!"

பேச்சு சூடுபிடித்தது. ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புவரை கையை வீசி வீசி நடந்தார். வீசியது வெறும் கைதான். உரம் பேசினிலேயே சுகமாக உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நாளில் பயிர் காட்டிக்கொடுத்தது. கரும்பச்சைக்கு நடுவே வெளிறிய கோடு ஒன்று.

"வயலுக்கு நல்லா வகிடு எடுத்திருக்கீங்க. ரிப்பன் கட்டுறதுதான் பாக்கி" என்றார் மனைவி.

மானம் போகிறதே என்று மூட்டைக்காரர் பேசினைத் தூக்கினார். மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது அப்படியே இருக்கட்டும். அறுக்கிறப்போ வகிட்டைத் தனியா அறுப்போம். பக்கத்துல அதே அகலத்துக்கு இன்னொண்ணு. உங்க விருந்து ஜெயிச்சா கூரையைப் பத்தி வாயே தெறக்க மாட்டேன். இல்லைன்னா, அடுத்த வருஷத்து மூணாவது தடவை உரக் காசு என் கூரைக்கு."

அறுவடையன்று அண்ணன் இயந்திரத்தை ஓட்டி, இரண்டு குவியல் போட்டார். மூட்டை பிடித்தார்கள். இரண்டும் சரிக்குச் சரி. விருந்து சாப்பிட்ட பக்கத்தில் மட்டும் தரையில் கொஞ்சம் நெல் மிச்சம்.

"பார்த்தியா, பார்த்தியா!" மூட்டைக்காரர் துள்ளிய துள்ளலில் வேட்டி அவிழப் பார்த்தது.

மனைவி அதே உரப் பேசினில் மிச்சத்தை அள்ளினார். பாதிகூட நிறையவில்லை.

"இந்தப் பக்கத்துக்கு மூணாவது தடவை எத்தனை பேசின் யூரியா வீசுனீங்க?"

மூட்டைக்காரர் வானத்தில் பறவை தேடினார்.

"பேசின் பேசினா போட்டு அரை பேசின் எடுத்திருக்கே மாப்ள" என்றார் அண்ணன். "மாடி கட்டியாச்சு. என்ன, உரக்கடைக்காரர் வீட்டுல!"

அடுத்த வருஷம் சமையலறையில் குடைக்கு வேலையில்லை. தகரத்தில் மழை தாளம் போட, மூட்டைக்காரர் கீழே உட்கார்ந்து, அந்தக் கோட்டைத் தான் வேண்டுமென்றே விட்டதாகவும் அது பெரிய ஆராய்ச்சி என்றும் வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார்.

ஆனாலும் பயிர் வளர வளர அவருக்குக் கை அரிக்கும். மெல்ல மூட்டைப் பக்கம் நகர்வார். உடனே மனைவி அண்ணனுக்குப் போன் போடுவார்.

"அண்ணா, இவரு பேசினை எடுத்துட்டாரு. ஒன் வயலு பச்சையா இருக்குன்னு கொஞ்சம் சொல்லேன்!"