மலையிலிருந்து இறங்கி வந்த கார்

சுந்தராபுரம் சிக்னலில் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றுபோனது. பின்னால் வந்த பஸ் அதை இடிக்காமல் பிரேக் பிடித்தது பெரிய விஷயம். ஓட்டி வந்தவர் எழுபதை நெருங்கும் ஓர் அம்மா. இரண்டு ஆட்டோக்காரர்கள் காரைத் தள்ளிக்கொண்டு வந்து என் ஒர்க்‌ஷாப் வாசலில் விட்டுப் போனார்கள்.

போத்தனூரில் என் ஒர்க்‌ஷாப் ஒரு தகரக் கொட்டகை. பின்னால் ஓர் அறை இருக்கிறது. மனைவி மேரி இறந்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அந்த அறைக்கே வந்துவிட்டேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்ப்ரேட்டர் உள்ள பழைய வண்டிதான் எனக்குத் தெரிந்த தொழில். அது இப்போது அபூர்வமாகத்தான் வரும். சில நாட்கள் பொழுது சாயும்வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அதனால் அந்தக் கார் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஸ்லோ ஸ்க்ரூ

அந்த அம்மா ரிட்டயர்டு டீச்சர், பெயர் கிரேஸ். இப்போது மகனுடைய ஃப்ளாட்டில் இருப்பதாகச் சொன்னார். வண்டி ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஐடிலிங் நிற்கவில்லை என்று நாங்கள் சொல்லும் கம்ப்ளெய்ண்ட். ஐடிலிங் வேகத்தைக் கூட்டும் ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். எஞ்சின் சத்தம் கூடியது, ஆனால் அணையவில்லை. அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே கார் திரும்பி வந்தது. இந்த முறை ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறது.

“பையன் வண்டிய வித்துப்போடலாம்கறானுங்க. இன்னொரு தடவ நின்னா அவஞ் சொல்றதக் கேட்டுத்தான் ஆகோணும்,” என்றார் டீச்சர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முடியும்வரை போவதாக இல்லை.

வெள்ளைப் பிளக்

முறையாகப் பார்க்க ஆரம்பித்தேன். பிளக்குக்குக் கரண்ட் விடும் பாயின்டின் இடைவெளி சரியாக இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை சாம்பல் மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். கார்ப்ரேட்டருக்கு அடியில் கேஸ்கெட் போய்க் காற்று இழுக்கிறதா என்று சுற்றிலும் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே லீக் கிடையாது. சோக்கை லேசாக இழுத்தேன். தடுமாறிக்கொண்டிருந்த எஞ்சின் உடனே சீராக ஓடியது. சோக் இழுத்தால் காற்று குறையும். ஆக, ஐடிலிங்குக்குப் போகும் பெட்ரோல்தான் போதவில்லை.

கார்ப்ரேட்டரை இறக்கி ஸ்லோ ஜெட்டைக் கழற்றினேன். ஐடிலிங்குக்குப் பெட்ரோலை அளந்து விடும், நடுவில் ஊசித்துளை உள்ள பித்தளைத் திருகு அது. அடைப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த வண்டிக்கு வரவேண்டிய ஜெட்டைவிடத் துளை சின்னதாக இருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

“டீச்சர், வண்டி இதுக்கு முன்னால எங்க ஓடிட்டிருந்துச்சுங்க?”

“கோத்தகிரிலதானுங்க. நான் வேலை பாத்த ஊரு. கரும்புகை வருதுன்னு அங்க ஒருத்தரு உள்ள என்னமோ மாத்திக் குடுத்தாருங்க.”

விஷயம் விளங்கிவிட்டது. மலையில் காற்று மெலிசு. அதற்குத் தக்க பெட்ரோலைக் குறைக்க அந்த ஊர் மெக்கானிக் சின்ன ஜெட் போட்டிருக்கிறார். அவர் செய்தது சரியான வேலை. இங்கே அடர்த்தியான காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதவில்லை.

டீச்சர் டீ வாங்கப் போயிருந்தபோது அவர் மகன் எனக்குப் போன் செய்தார். “ஏனுங்ணா, வண்டி இனிச் சரியாகாதுன்னு அம்மாகிட்ட சொல்லிருங்களே. அன்னிக்கு பஸ்ஸு இடிச்சிருந்தா என்னாகறதுங்க?”

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. “வண்டில கோளாறு இல்லீங்க தம்பி. மலைக்குன்னு செஞ்சு வெச்சத இங்க ஓட்டிட்டிருக்காங்க, அவ்வளவுதான்,” என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார். இதை டீச்சரிடம் நான் சொல்லவில்லை.

சரியான ஜெட் என் பழைய பெட்டியிலேயே கிடைத்தது. போட்டு, பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை செட் செய்ததும் எஞ்சின் சீராக ஓடியது. கழற்றிய சின்ன ஜெட்டை டீச்சர் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேட்டுப்பாளையம்

அதற்குப் பிறகும் டீச்சர் அடிக்கடி வந்தார். ஆயில் பாருங்கள், டயரில் காற்று பாருங்கள் என்பார். பார்க்க ஒன்றும் இருக்காது. மகனும் மருமகளும் வேலை முடிந்து வர இரவாகிவிடுமாம். “கோத்தகிரில கடைக்குப் போய்ட்டு வர ஒரு மணி நேரமாகுமுங்க. வழியெல்லாம் நின்னு பேசிட்டு வரோணும். இங்க லிஃப்ட்ல எறங்கி ஏறுனா முடிஞ்சுபோச்சுங்க,” என்றார் ஒரு நாள். அவர் வராத நாட்களில் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வந்து, கோத்தகிரியில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். மகன் முதலில் கோபித்துக்கொண்டாராம், பிறகு ஒத்துக்கொண்டாராம். சனிக்கிழமைதோறும் வந்து பார்ப்பாராம். அடிவாரம் வரையாவது கூடப் போய்வரும்படி மகனும் என்னைக் கேட்டுக்கொண்டார்.

கிளம்பிய அன்று நானும் கூடப் போனேன்; மலையடிவாரமான மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டி ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, சின்ன ஜெட்டைத் திரும்பப் போட்டேன். கோத்தகிரி வரைக்கும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். “இதுக்கு மேல எனக்குத் தெரிஞ்ச ரோடுங்க.”

“இங்க கொஞ்சம் தடுமாறுமுங்க. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துப்போடாதீங்க. மேல போகப் போக சரியாயிரும்,” என்றேன். தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். கார் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றேன். பிறகு பஸ் பிடித்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதிலிருந்து ஒன்று சொல்வேன். ஐடிலிங் நிற்காத வண்டி வந்தால் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். அது இதுவரை எங்கே ஓடியது என்று முதலில் கேளுங்கள். நான் அதைக் கடைசியாகக் கேட்டேன்.

கொட்டகைக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது போன் அடித்தது. டீச்சர்தான். வந்து சேர்ந்துவிட்டாராம்; வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லையாம்.

“நீங்க ஊடு போய்ச் சேந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

அதை என்னிடம் கேட்க ஆளில்லாமல் போய் வருஷக்கணக்காகிறது.

“சேந்துட்டனுங்க டீச்சர்,” என்றேன்.