பிரேக் பிடிக்காத வண்டியும் பேச்சில்லாத மூத்தாரும்

சபையாரே, இந்தச் சாட்சியைச் சிரித்த முகத்தோடு என்னால் சொல்ல முடியாது. ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதில் தந்தார், அது உண்மை. ஆனால் பதில் வந்த வழியை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. தேவன் செய்ததை மறைக்கக் கூடாதே என்றுதான் எழுந்து நிற்கிறேன்.

எங்கள் பைக்கில் பிரேக் பிடிக்காமல் போனது. மாரண்டஹள்ளியில் ஒரு காய்கறி வியாபாரியிடம் பழைய வண்டியாக வாங்கினோம். வாங்கின புதிதில் நன்றாகத்தான் நின்றது. போன மழைக்காலத்துக்குப் பிறகு நாளுக்கு நாள் மோசமானது. காலை அழுத்தி மிதித்தாலும் அது தன் இஷ்டத்துக்குப் போய்த்தான் நிற்கும். என் வீட்டுக்காரர் யோசுவா இரண்டு கால்களையும் தரையில் தேய்த்து நிறுத்துவார். தினமும் காலையில் மூன்று பேரும் அதில்தான் பென்னாகரம் போக வேண்டும். அவர் கொத்து வேலைக்கு, நான் துணிக்கடைக்கு, மகள் ஷரோன் பள்ளிக்கூடத்துக்கு. எங்கள் தெருவிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்குகிற அந்தச் சரிவு வந்தால் நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வேன்.

"ஏங்க, பிரேக்க ஒருக்கா பாருங்க" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

"வண்டிய கர்த்தர் கையில குடுத்தாச்சு புள்ள. நீ சும்மா வா" என்பார்.

வாய்ப்பேச்சோடு விட்டாரா? அதுவும் இல்லை. வண்டி வாங்கினபோது போதகர் ஜெபித்து, ஹேண்டில்பாரில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்தார். என் வீட்டுக்காரருக்கு எதிலும் ஒரு சொட்டு என்பது போதாது. ஒவ்வொரு உபவாச ஜெபம் முடிந்ததும், ஜெபித்த எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு சக்கரத்தின் நடுவிலும் வழிய வழிய ஊற்றினார். பிரேக் குறையக் குறைய எண்ணெய் கூடியது.

ஒருநாள் ஆட்டுக் கூட்டத்துக்குள் வண்டியை விட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு இதே இடத்தில் நின்று, கர்த்தர் காத்தார் என்று சாட்சி சொன்னார். நீங்கள் எல்லாரும் கை தட்டி அல்லேலூயா சொன்னீர்கள். வெளியே வந்து ஒரு சகோதரியிடம், "வண்டிய மெக்கானிக்குகிட்ட காட்டச் சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா கேப்பாரு" என்று கெஞ்சினேன். "உனக்கு விசுவாசம் பத்தல" என்றார். அவர் மகனுடைய வண்டி மட்டும் மாதம் தவறாமல் சர்வீசுக்குப் போகும். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

எங்கள் ஊரில் இருப்பது ஒரே மெக்கானிக் பட்டறைதான். சரிவின் அடியிலேயே இருக்கிறது. அது என் மூத்தார், என் வீட்டுக்காரருடைய அண்ணன் முனியப்பனுடையது. நாங்கள் இரட்சிக்கப்பட்டு இந்தச் சபைக்கு வந்ததிலிருந்தே அவருக்கு எங்கள்மேல் கசப்பு. என் மாமியார் இறந்தபோது என் வீட்டுக்காரர் சடங்கு எதுவும் செய்யமாட்டேன் என்று ஒதுங்கி நின்றார். மொட்டை போடவில்லை, கொள்ளிக்கும் கை கொடுக்கவில்லை. அன்றைக்கு ஊர் நடுவில், "இனி நீ எனக்குத் தம்பி இல்ல" என்று உறவை அறுத்துவிட்டார் மூத்தார். பிறகு பேச்சு இல்லை. எங்களைக் கண்டால் காறித் துப்புவார். நானும் சும்மா இருப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அந்தப் பட்டறையைத் தாண்டுவேன்.

நான் சொல்ல வந்த அந்த நாள் காலையில் சோறு கட்டிக்கொண்டே ஜெபித்தேன். ஜெபம் என்றா சொல்வது, சண்டை. "ஆண்டவரே, இந்த மனுஷன் என் பேச்சைக் கேட்கமாட்டார். இவர் வாயை அடைக்கிற ஒரு ஆளை அனுப்பும். யாராக இருந்தாலும் சரி. என் பிள்ளையைக் காப்பாற்றும்." அழுதுகொண்டே டப்பாவை மூடினேன்.

சரிவில் இறங்கும்போது தார்ச்சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தார். அதுவும் வழுக்கியது. கால்களைத் தேய்த்தார். பஸ்ஸின் முகம் எனக்குத் தெரிந்தது. "ஏசப்பா" என்று கத்திக்கொண்டு ஷரோனை இறுக்கிப் பிடித்தேன். அவர் ஹேண்டிலை ஒடித்துப் பட்டறைக்குள் விட்டார். அங்கே குவித்திருந்த பழைய டயர்களுக்குள் வண்டி புகுந்து சாய்ந்தது. மூன்று பேரும் விழுந்தோம். பஸ் நிற்காமல் போய்விட்டது.

ஷரோனுக்கு முட்டியில் தோல் உரிந்ததோடு சரி. அவளை முதலில் தூக்கியது மூத்தார்தான். தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினார்.

"டேய் மாதையா, செத்துத் தொலையறதுன்னா நீ ஒருத்தனா போயி சாவுடா. புள்ளய எதுக்குடா வாரிக்கிட்டுப் போற?"

மாதையன் என்பது என் வீட்டுக்காரருடைய பழைய பெயர். அதைக் கேட்டே பல வருஷம் ஆகிறது. மூத்தார் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"சாவியக் குடுங்க. எங்க வண்டி, எங்க இஷ்டம்" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "உம் பொண்டாட்டிய வாய மூடச் சொல்லு. பிரேக்கப் பாக்காம இந்த வண்டி இங்கிருந்து நவுராது."

பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ இரண்டும் எண்ணெயில் ஊறிப்போய்ப் பளபளத்தன. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"தேங்கா எண்ணெ வாசன அடிக்குது. யாருடா ஊத்துனது? சக்கரத்துக்கு முடி மொளைக்கணுமா?"

"ஜெபம் பண்ணுன எண்ணெ, அண்ணா" என்றார் என் வீட்டுக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

"ஷூ காஞ்சிருந்தாதான்டா பிடிக்கும். எண்ணெயக் குடிச்சா வழுக்கிக்கிட்டுத்தான் சுத்தும். பெத்தவளுக்குக் கொள்ளி வெக்க வராத கை, சக்கரத்துக்கு எண்ணெ ஊத்துதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

ஊறின ஷூவை எறிந்துவிட்டு, அது உரசுகிற டிரம்மைப் பெட்ரோலால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, புது ஷூ மாட்டினார். முன் சக்கரத்துக்கும் அப்படியே. வேலை முடிகிறவரை எங்களையும் சபையையும் ஏசிக்கொண்டே இருந்தார். பிறகு அவரே வண்டியைச் சரிவில் ஏற்றி, இறக்கி, எங்களுக்கு முன்னால் வந்து பிரேக் அடித்து நிறுத்தினார். அசையாமல் நின்றது. சாவியை எங்கள் காலடியில் எறிந்தார்.

"ரொம்ப நன்றிங்க மாமா" என்றேன். குனிந்து சாவியை எடுத்துக்கொண்டேன்.

"எவனுக்காகவும் பண்ணல. எங் கடை வாசல்ல செத்துக் கெடந்தா யாரு எடுத்துப் போடறது?"

வீட்டுக்கு வந்து ஆண்டவரிடம் மறுபடி சண்டை போட்டேன். உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். யாராக இருந்தாலும் சரி என்று கேட்டவள் நான்தான் என்பது உறைத்தது. மறுநாள் புளிச்சோறு கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "உங்க வூட்டுச் சோறு எனக்கு வேணாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து எங்கள் வாசல் படலுக்கு வெளியே சத்தம். மூத்தார் நின்றிருந்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

"புது ஷூ ஓடிப் படிஞ்சிருக்கும். பிரேக் நட்ட இறுக்கணும். வண்டியத் தள்ளிக்கிட்டு வாடா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என் வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். வெகுநேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"பேசினாராங்க?" என்று கேட்டேன்.

"ஒரே திட்டு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

இப்போது எங்கள் வீட்டில் எண்ணெய் தலைக்கும் தாளிப்புக்கும் மட்டும்தான். வண்டியை எடுக்கும் முன்னால் என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார், பிறகுதான் ஜெபிக்கிறார். என் பிள்ளை உயிரோடு என் பக்கத்தில் நிற்கிறாள். தேவனுக்கே மகிமை.

அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள், அவர் அனுப்புவார். நம்மைப் பிடிக்காதவர் கையிலும் கொடுத்தனுப்புவார், வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது முனியப்பன் என்ற பெயரைச் சொல்லி நான் ஜெபிக்கப் போகிறேன். அவர் சபைக்கு விரோதி என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஆமென் சொல்ல மனமில்லாதவர்கள் சொல்ல வேண்டாம். என் வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், சொல்லிக்கொள்கிறோம். ஆமென்.