துணி அடைத்த விசில்

காலையில் எழுந்ததும் சாமிதுரை முதலில் மடியைத் தடவிப் பார்ப்பார். விசில் இருக்கும். அதை எடுத்து, வாய்ப்பக்கத்திலும் மேல் துவாரத்திலும் திணித்திருக்கும் துணியைக் கட்டைவிரல் நகத்தால் ஒருதரம் அழுத்துவார். நெகிழ்ந்திருந்தால் வேட்டி ஓரத்தில் ஒரு கிழிசலை இழுத்து இன்னும் கொஞ்சம் திணிப்பார். வேப்பங்குச்சி தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"நீ ஊதாம அது எப்படிய்யா ஊதும்?" என்பாள் அவர் மனைவி ராஜாத்தி.

"காத்தை நம்ப முடியாது" என்பார்.

முப்பத்தாறு வயது. நடவும் அறுப்பும்தான் பிழைப்பு. எங்கே உட்கார்ந்தாலும் பண்ணைச் சாலை கண்ணில் படும்படி உட்காருவார். கஞ்சி குடிக்கும்போதும் கலயத்துக்கு மேலாகக் கண் சாலையில் இருக்கும். நாகப்பட்டினம் டீக்கடைகளில் சுவரோரத்து பெஞ்சு காலியாகும்வரை நின்றுகொண்டே குடிப்பார். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வார், சத்தம் வெளியே போய்விடக் கூடாது என்பதுபோல.

இந்த மனிதர்தான் நடுவாய்க்கால் தெருவின் கால்பந்துக் கழகத்தை ஆரம்பித்தவர். வயல்வேலைக்காரர்கள் தமக்கென்று பந்து வைத்துக்கொண்டது இந்தப் பக்கத்தில் அதுதான் முதல் என்று அக்கம்பக்கத்துத் தெருக்களில் சொல்வார்கள். அவரால் பந்தை உதைக்க முடியாது. கருக்கரிவாள் பட்ட குதிகால் மடங்காது. ஆகவே நடுவர் வேலை.

வேலையில்லாத மாதங்களில் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போவார். பத்து வருஷத்துக்கு முந்தி, தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பலிலிருந்து ஒரு மாலுமியைக் காய்ச்சலோடு கரையில் இறக்கினார்கள். செர்பியாக்காரன். கப்பல்களுக்குக் கயிறும் ரொட்டியும் விற்கும் நாகூர் மீரா சாகிப், தன் கிடங்கின் பின்கட்டில் அவனுக்கு இடம் கொடுத்தார். பதினோரு நாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது சாமிதுரை. புறப்படும்போது அவன் ஒரு தோல்பந்தையும் இந்த விசிலையும் அவர் கையில் வைத்தான்; தன் ஊர்க் கதையையும் சொன்னான். அரைகுறைக் கப்பல் பாஷை தெரிந்த மீரா சாகிப் அதைத் தமிழில் சொன்னார்.

அவன் தாத்தா காலத்தில் அவர்கள் ஊரிலும் முதல் கழகத்துக்கு ஒரே ஒரு பந்துதானாம். வெளிநாட்டில் படித்த பையன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததாம். கம்பத்துக்கு வழியில்லாமல் போட்டிருந்த மேல்கோட்டுகளைக் கழற்றி இரண்டு பக்கமும் போட்டு ஆடினார்களாம். வளர்ந்த ஆண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு தோலை உதைப்பதைப் பார்த்து ஊரே காறித் துப்பியதாம். பத்துப் பேருக்கு மேல் கூடுகிறார்களே என்று போலீஸும் வருமாம்.

"போலீசு வந்தா என்ன பண்ணுவாங்களாம், பாய்?"

"ஆடிக்கிட்டே இருப்பாங்களாம். போலீசு நின்னு பாக்குமாம்."

மற்றதையெல்லாம் சாமிதுரை நம்பினார். அதை மட்டும் இன்றுவரை நம்பவில்லை. "பொய்யி. எந்த ஊரு போலீசு நின்னு பாக்கும்?"

வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்குத் திடலில் கோல் கம்பமாக மூங்கில் நட்டார்கள். 'செர்பியா கால்பந்துக் கழகம்' என்று பலகை எழுதி வைத்தார்கள். பண்ணைக் காரியக்காரர் இராஜாங்கம் சைக்கிளை நிறுத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏண்டா, அது செங்கொடி நாடாமே? அங்கேருந்து பந்து மட்டும்தான் வந்துச்சா?"

"பந்து மட்டும்தாங்க."

அன்று சாயங்காலமே பலகை ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவாகிவிட்டது, எழுத்து உள்பக்கம் பார்க்க.

பிறகு ஆட்சி மாறியது. அடுத்து வந்த தை அறுவடையில் கூலி நெல் கூட்டிக் கேட்டார்கள். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. அடியாட்கள் வந்தால் தெருவைக் கூட்ட ஒரு சத்தம் வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பேச்சு வந்தபோது எல்லோரும் சாமிதுரையைத்தான் பார்த்தார்கள். இரண்டு ஊதல் ஊதினால் ஆண்கள் திடலுக்கு ஓடிவர வேண்டும். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்க வேண்டும். அப்படித்தான் முடிவாயிற்று.

ஒருநாள் உச்சிவேளையில் வரப்பில் தலைகள் தெரிந்தன. அவர் ஊதினார். தடிகளோடு வேறொரு கூட்டம் திடல் மறைவிலேயே காத்திருந்தது அவருக்குத் தெரியாது. முதலில் வந்து சேர்ந்தவன் ராஜாத்தியின் தம்பி ஐயாவு. அணியிலேயே அவன்தான் வேகமாக ஓடுவான். பின்னால் வந்தவர்கள் அவன் விழுந்ததைப் பார்த்து நின்றார்கள். அதனால் பிழைத்தார்கள்.

விசிலுக்குள் துணி போனது அந்த வாரம். கொலை வழக்கு இன்னும் நடக்கிறது.

ஆட்டம் ஆறு மாதம் கழித்துத் திரும்பியது. துண்டை ஒருதரம் வீசினால் ஆரம்பம், இரண்டுதரம் வீசினால் ஃபவுல். பார்க்காமல் ஓடுகிறவனிடம் சாமிதுரை நொண்டிக்கொண்டே போய் முதுகில் துண்டால் தட்டுவார். சத்தமே இல்லாத ஆட்டம். கோல் விழுந்தாலும் கை தட்ட மாட்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அங்கே பதினோரு பேர் ஆடுவது தெரியாது.

போன வருஷம் மீரா சாகிப் தன் பொறுப்பில் இவர்களை நாகப்பட்டினம் போட்டியில் சேர்த்துவிட்டார். நடுவில் பந்தை வைத்து, அந்த ஊர் நடுவர் விசில் ஊதினார். பந்து நகரவில்லை, பதினோரு பேரும் ஓடிவிட்டார்கள். கோல் காக்கும் பஞ்சநதம் ரயில்வே கேட்டில்தான் நின்றான். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. ஓரத்தில் சாமிதுரை மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இந்தப் பங்குனியில் மீரா சாகிப் மறுபடி சேர்த்திருக்கிறார். "இன்னொருதரம் ஓடுனா பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் எந்தப் போட்டியிலயும் சேத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். "பசங்களை விசிலுக்குப் பழக்குப்பா."

சாமிதுரை பத்து நாளாக மடியைத் தடவிக்கொண்டே இருக்கிறார். "தெருவுல ஊதுனா பொம்பளையெல்லாம் தண்ணியில எறங்கிடுவாளுவ. பண்ணைக்குக் கேட்டா ஆளு தெரட்டுறோம்னு வந்துடுவானுவ" என்கிறார்.

"விடு மாமா. பேரு போனாப் போவுது" என்றான் பஞ்சநதம். "உசுரோட ஓடுனா போதும்."

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, சாயங்காலம், ராஜாத்தி திடலுக்கு வந்தாள். கால்பந்து பக்கமே வராதவள். ஐயாவு விழுந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள்.

"வீடு வீடாச் சொல்லிட்டு வாரேன். இன்னிக்கு விசில் சத்தம் கேட்டா அது ஆட்டம்தான், யாரும் எறங்க வேணாம்னு."

சாமிதுரையின் கை மடிக்குப் போயிற்று.

"எந்தம்பி ஆடத்தானே இதை வாங்கியாந்தே? ஆட்டத்துக்கு ஊது."

துணியை அவர் நகத்தால் கிளறினார். மூன்று வருஷத்து நூல், அழுக்கேறி இறுகிப்போய், புழு மாதிரி வந்தது. முதல் ஊதலில் வெறும் காற்று. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். சத்தம் வாய்க்காலைத் தாண்டிப் போயிற்று. தெருவில் ஒரு குழந்தை வீறிட்டது. குடிசை வாசல்களில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள், இறங்கவில்லை. பஞ்சநதம் மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

யாரோ பந்தை உதைத்தார்கள். சாமிதுரை அதைப் பார்க்கவில்லை. துணித்துணுக்கை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, பண்ணைச் சாலையைப் பார்த்து நின்றார்.