இழுத்துத் தைக்க வேண்டிய துணி

பதினாறு வயது வரை என் தலைமுடி என்னுடையதாக இல்லை. அதற்கு இரண்டு முதலாளிகள் இருந்தார்கள். ஒருத்தி என் அத்தை, அப்பாவின் அக்கா. இன்னொருத்தி என் அம்மா. இருவருக்கும் நடந்த சண்டை என் தலையில்தான் நடந்தது, அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில், துணி பேக்டரியில் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் பனியன்களுக்குக் கை வைத்துத் தைப்பாள். விடியுமுன் பேக்டரி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அத்தையின் புருஷன் துறைமுகத்தில் கிராணி. மேசையில் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகம். அந்தக் கிராணி பட்டத்தைப் புருஷனை விட அத்தைதான் அதிகமாக அனுபவித்தாள். அம்மாவை யாரிடமாவது அறிமுகப்படுத்தும்போது "தம்பி பொண்டாட்டி, பேக்டரிக்காரி" என்பாள். பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தமிழ்ப் பள்ளியில் நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது வருடக் கடைசியில் ஒரு கலைநிகழ்ச்சி வைத்தார்கள். எங்கள் வகுப்புக்குப் பூனையும் எலிகளும் நாடகம். வகுப்பு முழுக்க எலிகள், ஒரே ஒரு பூனை. என் தொண்டை கடைசி வரிசைக்கும் கேட்கும் என்று டீச்சர் என்னைப் பூனையாக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் யாராவது கூப்பிட்டால் மியாவ் என்றுதான் பதில் சொன்னேன்.

பூனைக்குக் காது வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா பேக்டரியில் வெட்டுப்பட்டு மிஞ்சிய கறுப்புத் துணியைக் கொண்டுவந்தாள். ரப்பர் போல் நீளுகிற பனியன் துணி. என் பின்னலோடு சேர்த்துத் தலையை அளந்து, காதுகளைத் தாங்கும் தலைப்பட்டை கவ்விப் பிடிக்கவேண்டும் என்று அளவை விடக் கொஞ்சம் குறைத்தே வெட்டினாள். மடித்து, உள்பக்கமாகத் தைத்து, குடலைத் திருப்புகிற மாதிரி வெளியே திருப்பினாள். நான் பறித்துத் தலையில் மாட்டியதும் தையல் படபடவென்று விட்டது. வேலை அலுப்பில் அவள் சாதாரணத் துணியைத் தைப்பது போல் தைத்துவிட்டிருந்தாள்.

பேக்டரி மிஷினில் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் வீட்டுக் கால்மிஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும். அந்தத் தையலை வைத்து நீளுகிற துணியைத் தைப்பதானால், ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் நூல் தாராளமாக உள்ளே இறங்கும். "துணி நீளும், நூல் நீளாதுல்ல? இழுக்காமத் தைச்சா அறுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா பிரித்து மறுபடி தைத்தாள். நாலு விரற்கடை தைப்பாள், நிறுத்துவாள், பிடியை மாற்றி இழுப்பாள், மறுபடி மிதிப்பாள். விட்டு விட்டு வரும் அந்தச் சத்தம் விக்கல் எடுக்கிற மாதிரி இருக்கும்.

பிறகு காதுகள். முக்கோணமாக வெட்டி, உள்பக்கத்துக்கு ரோஸ் நிறச் சாட்டின் வைத்து, விறைப்பாக நிற்பதற்குச் சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸைச் சொருகி, பட்டையின் ஓரத் தையலுக்குள் நிறுத்தினாள். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது பூனைதான் தெரிந்தது. குளிக்கும்போது தவிர அதை நான் கழற்றவில்லை.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அத்தை பழத்தட்டோடு வந்தாள். அவள் மகனுக்கு அதற்கு முந்தின மாதம் டெங்கி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்திருந்தான். அவன் எனக்கு முறைமாமன், என்னை விட ஒன்பது வயது மூத்தவன். மகன் பிழைத்தால் முடி காணிக்கை தருவதாக அத்தை வேண்டிக்கொண்டிருந்தாளாம். நல்லது என்றாள் அம்மா. எப்போது முடி எடுக்கப் போகிறீர்கள் என்றும் கேட்டாள்.

"எனக்கு இல்ல. இவளுக்கு" என்று அத்தை என்னைக் காட்டினாள். "நாளைக்கி என் மகனைக் கட்டிக்கப் போறவதானே. அவனுக்காக இவ முடி குடுத்தா என்ன?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரைப் பார்த்தார். அக்கா முன்னால் அவருக்கு வாயிருந்ததை நான் பார்த்ததே இல்லை. பள்ளி நிகழ்ச்சி முடியட்டும், ஒரு வாரம் பொறுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். அத்தை தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்தாள்.

"சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான். நான் ஒன்கிட்ட கேக்க வரல லா."

ஞாயிற்றுக்கிழமை பத்துமலை முருகன் கோவிலில் என் தலையைக் குனிய வைத்துப் பிடித்திருந்தது அத்தைதான். அம்மா பின்னால் நின்றாள். முடி என் மடியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. நிமிர்ந்தபோது அத்தையின் கொண்டையும் அதைச் சுற்றியிருந்த மல்லிகைச் சரமும்தான் முதலில் கண்ணில் பட்டன. அன்றைக்குப் பார்த்து அவள் இரட்டிப்பாகப் பூ வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து பட்டையை மாட்டினால் அது கழுத்துக்கு இறங்கியது. அம்மா பிரித்துச் சின்னதாக்கினாள். இப்போது அது வழவழத்த மண்டையில் நிற்காமல் மேலே ஏறியது. முகப்பவுடர் பூசிப் பார்த்தாள். கொஞ்சம் நின்றது. இதுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, ரொம்ப ஆடாதே என்றாள். ஆடாத பூனையை எந்த எலி நம்பும்?

மேடையில் இரண்டாவது தாவலில் அது மெதுவாக மேலேறி, உச்சிக்குப் போய், டப்பென்று தெறித்து எலிகளின் நடுவில் விழுந்தது. மொட்டைத் தலையோடு நான் நின்றேன். ஒரு கணம் மண்டபத்தில் சத்தமில்லை. அந்த ஒரு கணத்தை அத்தை வீணாக்கவில்லை. முன்வரிசையில் இருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஐயோ, பூனைக்குச் சொறி புடிச்சிருச்சி."

மண்டபமே சிரித்தது. எலிகளும் சிரித்தன. பக்கத்தில் நின்ற எலியின் கன்னத்தை நான் பிறாண்டினேன். அது அலறியது, டீச்சர் திரையை மூடச் சொன்னார். அம்மா மேடைக்கு ஏறி வந்து, என்னைத் தேற்றாமல், முதலில் பட்டையைக் குனிந்து எடுத்தாள். தூசியைத் தட்டிக் கைப்பையில் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் அத்தை தன் சிநேகிதிகளோடு நின்றிருந்தாள். ஐயர் தீபாராதனைத் தட்டைக் கொண்டுவந்ததும் அம்மா தீபத்துக்கு மேல் கையை வைத்து, அம்மாவா என்று நம்பமுடியாத உரத்த குரலில் வேண்டினாள். என் மகள் முடி மறுபடி வளர்ந்து இடுப்பைத் தாண்டினால், அவள் மாமியாராகப் போகிறவர் தன் முடியைக் காணிக்கையாகத் தருவார் என்றாள். மருமகளுக்காக மாமியார் முடி கொடுப்பதா, எங்கே நடக்கும் இந்தக் காலத்தில் என்று சிநேகிதிகள் வியந்தார்கள். அத்தை சிரித்து வைத்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

அன்று முதல் என் தலைக்கு ராஜ மரியாதை. பேக்டரியில் நின்று கால் வீங்கி வந்தாலும், அம்மா என்னை முன்னால் உட்கார வைத்து எண்ணெய் தேய்க்காமல் சாப்பிட மாட்டாள். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். விரல் நுனியால் சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பாள். வேறு எதற்கும் அவள் என்னைத் தொட்டு நினைவில்லை, முத்தம் கித்தமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் அந்த அரைமணி நேரத்துக்காக நான் நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

அத்தையும் சும்மா இருக்கவில்லை. நுனி வெடித்திருக்கிறது, கொஞ்சம் வெட்டிவிடு என்பாள். இப்போது குட்டை முடிதான் பேஷன் என்பாள். ஒருமுறை பள்ளி விடுமுறைக்கு அவள் வீட்டில் என்னை விட்டிருந்தபோது, பேன் பிடித்திருக்கிறது என்று சொல்லி முழங்கை நீளம் வெட்டியே விட்டாள். பேனும் இல்லை ஈரும் இல்லை. அம்மா வந்து பார்த்தாள். தையல் டேப்பை எடுத்து என் முடியை அளந்தாள். மறுநாளிலிருந்து எண்ணெயைக் கூட்டினாள். அதற்கப்புறம் விடுமுறைக்கு என்னை எங்கேயும் விடவில்லை.

இடைநிலைப் பள்ளியில் அந்த முடி எனக்குப் பெரிய பாரமாகிவிட்டது. வெயிலில் நெட்பால் ஆடினால் பின்னல் முதுகில் அடிக்கும், காயவே காயாது, கூடப் படித்தவர்கள் பிடித்து இழுப்பார்கள். வெட்டிக்கொள்கிறேன் என்று ஒரே ஒருமுறை கேட்டேன். அம்மா அறைந்த அறையில் காது அடைத்தது. என் முடி மேல் இவ்வளவு ஆசையா என்று அழுகைக்கு நடுவே எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எனக்குப் பதினாறு வயதானபோது அத்தை மறுபடி தட்டோடு வந்தாள். மகனுக்குக் கல்யாணம், பெண்ணுக்குக் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், சொந்த வீடு, குடும்பமே அரசாங்க உத்தியோகம். என்னைப் பற்றி அவளே பேச்செடுத்தாள். நான் கறுப்பு, அவனுக்குப் பிடிக்கவில்லை, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். எனக்கும் அவனைப் பிடிக்காது, ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

அம்மா கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் என்னைக் கூப்பிட்டுத் திரும்பி நிற்கச் சொன்னாள். பின்னலைப் பிரித்து முதுகில் பரப்பினாள். முடி இடுப்பைத் தாண்டிக் கிடந்தது.

"எப்ப பத்துமல போறீங்க அண்ணி?"

அத்தைக்கு முகம் வெளுத்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, அதோடு நான் இனி மருமகளே இல்லை, வேண்டுதல் எப்படிச் செல்லும் என்று வாதாடினாள். அம்மா தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான். நான் உங்ககிட்ட கேக்கல."

அத்தை இதற்கெல்லாம் மசிந்திருக்க மாட்டாள். ஆனால் அந்த வாரம் அவள் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் சளிக்காய்ச்சல்தான். அத்தைக்கு யாரிடமும் பயம் கிடையாது, சாமியிடம் மட்டும் நிஜமாகவே பயம். காய்ச்சல் கண்ட மறுநாளே போய் மொட்டை போட்டுக்கொண்டாள்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு விக் வாங்கினார்கள். அது மொட்டைத் தலையில் வழுக்கியது. அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். விக்கைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி அடியில் ஒரு பட்டை வேண்டும், அந்த நீளுகிற துணியில் நீதான் நன்றாகத் தைப்பாயே என்றாள். அவள் அம்மாவைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அம்மா அளவெடுத்தாள். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மிஷினுக்குப் போனாள். நான் பக்கத்தில் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மிஷின் ஒரே ஓட்டமாக ஓடியது. நிற்கவில்லை, விக்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் கைகள் துணியின் மேல் சும்மா கிடந்தன. அவளும் என்னைப் பார்த்தாள். நான் இஸ்திரிக்குத் திரும்பினேன்.

"இப்பப் போட்டுப் பாக்காதீங்க அண்ணி, லூசாயிரும். கல்யாணத்தன்னிக்கு விக்கை இதோட குத்தித் தரச் சொல்லுங்க" என்று மடித்துக் கொடுத்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணம். தாலி கட்டும்வரை பட்டை தாங்கியது. தையல் உள்ளுக்குள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். சம்பந்திகள் மாலை மாற்றும்போது பெண்ணின் அம்மா பெரிய ரோஜா மாலையைப் போட வர, அத்தை சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். நிமிர்ந்தபோது விக் பின்னால் சரிந்து நாற்காலிக்குப் பின்னே விழுந்தது. பட்டை அவள் ஒரு காதில் தொங்கியது. பட்டுப்புடவை, மாலை, வைரத்தோடு, அதற்கு மேல் மொட்டைத் தலை. முதலில் குழந்தைகள் சிரித்தன, பிறகு பெரியவர்கள். வீடியோக்காரன் விளக்கை அணைக்கவே இல்லை. அத்தை கூட்டத்தில் யாரையோ தேடினாள். அம்மாவைத்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அம்மா பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். பாயசம் இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள்.

வீடு திரும்பிய அன்று சாயங்காலம் நான் வழக்கம்போல அவள் முன்னால் தரையில் போய் உட்கார்ந்தேன். எண்ணெய்க் கிண்ணம் வரவில்லை. அம்மா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். அவள் நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று நினைத்து, முடியை வெட்டிக்கொள்ளவா என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அறை விழும், விழவேண்டும் என்றே எதிர்பார்த்தேன்.

"வெட்டிக்க" என்றாள். "இனிமே அது எதுக்கு?"

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய்க் காதளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தேன். அம்மா வேலை முடிந்து வந்தவள் பார்த்தாள், நல்லாத்தான் இருக்கு என்றாள், சாப்பிடப் போனாள். அதற்குப் பிறகு அவள் என் தலையைத் தொடவே இல்லை.