உப்பு பார்க்க ஆள் தேவை

கல்யாணச் சமையல்காரனுக்குக் கைதான் சொத்து என்பார்கள். சும்மா பேச்சு, அவனுக்குச் சொத்து நாக்குதான். பிரஷர் வந்து உப்பைக் குறைத்த அன்பர்களே, உங்கள் அவஸ்தை உங்கள் வீட்டோடு முடிந்தது. என்னுடையதில் ஒரு கல்யாணப் பந்தியே பங்கு கொண்டது.

பார்க்கலாம், விழுங்கக் கூடாது

எண்பதுகளின் தொடக்கம். பூவத்தில் ஒரு கல்யாணத்தில் சாம்பார் கொதிக்கும்போது எனக்குத் தலை சுற்றி, நல்லவேளையாக அண்டாவுக்குள் விழாமல் பக்கத்தில் விழுந்தேன். காரைக்கால் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். மாத்திரை எழுதினார். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாடு பக்கமே போகக் கூடாது என்றார். அண்டாவுக்கு அண்டா உப்பு பார்ப்பதுதான் என் தொழிலே என்று கெஞ்சினேன்.

"தாராளமா பாருங்க. பாத்துட்டுத் துப்பிடுங்க."

ஓர் அப்பளம்

என் அண்ணனும் சமையல்காரர்தான். பிரஷரைக் கண்டுகொள்ளாமல் விட்டு, ஒரு பக்கம் கைகால் விழுந்து, இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதனால் என் மனைவி மரகதம் உப்பு ஜாடியை ஒளித்து வைத்தாள். "நீங்க திங்கிறதையேதாங்க நானும் திங்கப்போறேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைய ரசத்தை வாயில் வைத்ததும் மறுபடியும் கலங்கியது.

நான்காம் நாள் அவள் கொல்லைக்குப் போன நேரம் பார்த்து ஓர் அப்பளம் சுட்டேன். எவ்வளவு மெல்லக் கடித்தாலும் அப்பளம் ஊரைக் கூட்டிவிடும் என்பது தொழில்காரனுக்கே மறந்துவிட்டது. ஓடிவந்தவள் திட்டவில்லை. கையிலிருந்ததைப் பிடுங்கினாள்.

"உங்க அண்ணனுக்கு வாய் கோணிப் போனப்ப கஞ்சி ஊட்டுனவ நான். இன்னொரு வாய்க்கு ஊட்ட எனக்குத் தெம்பு இல்லீங்க."

தங்கை வீட்டு மீன் குழம்பு

மூன்று மாதத்தில் தலைவலி போயிற்று, பிரஷரும் இறங்கியது. அதைவிட அதிசயம், வீட்டுச் சாப்பாடு ருசிக்க ஆரம்பித்தது. கத்தரிக்காய்க்குத் தனியாக ஒரு ருசி உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தோடு திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். முதல் வாய் மீன் குழம்பிலேயே நாக்கு எரிந்தது. கடல் தண்ணியை மொண்டு ஊத்திட்டியா என்று கேட்டேன்.

"இது நீ சொல்லிக் குடுத்த அளவுண்ணே. இத்தன வருஷமா இதைத்தான் ரெண்டு தடவை வாங்கி ஊத்திக்கிட்ட."

நெடுங்காட்டுப் பந்தி

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அடுத்த வாரம் நெடுங்காட்டில் கல்யாணம், மயங்கி விழுந்த பிறகு நான் ஒத்துக்கொண்ட முதல் வேலை. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன், உப்பு கச்சிதம். இலை ஓரத்தில் வைத்த உப்பு சாம்பாருக்கே தீர்ந்துபோக, பந்தி முழுக்க "உப்பு, உப்பு" என்று ஒரே குரல். பாயச வாளியைவிட உப்புக் கிண்ணம்தான் அதிகம் ஓடியது. இருபது வருஷமாகச் சம்பாதித்த பேர் ஒரே பந்தியில் போயிற்று. வெட்கத்தில் அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சாப்பாட்டுல குறை ஒண்ணுமில்ல மாஸ்டர். எங்களையெல்லாம் எப்ப டிஸ்சார்ஜ் பண்ணுவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

மரகதம் பார்த்த உப்பு

அடுத்துப் பேசி வைத்திருந்த கல்யாண வீட்டார் யோசிக்க ஆரம்பித்தார்கள். பழையபடி உப்பு சாப்பிட்டு நாக்கைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் தொழிலை விட வேண்டும் என்று மரகதத்திடம் சொன்னேன். "ரெண்டும் வேணாம்" என்றவள், அந்தக் கல்யாணத்துக்கு என்னோடு வந்து அண்டாக்களுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையில் வாங்கி நாக்கில் வைத்து, "இன்னும் ஒரு கை", "போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என்னால் வாயில் வைக்க முடியாததைப் பந்தியில் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். ஒருவர்கூட உப்பு கேட்கவில்லை.

சந்தோஷம் கொஞ்சம் தணிந்த பிறகுதான் பொறி தட்டியது. மூன்று மாதமாக நான் சாப்பிட்டதையே சாப்பிட்டவளுக்கு நாக்கு மட்டும் எப்படி மாறாமல் இருக்கும்? கேட்டேவிட்டேன். மரகதம் இலையில் இரண்டாவது தடவை ஊறுகாய் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க தெருவைத் தாண்டுனதும் எனக்குத் தனியா கருவாட்டுக் குழம்பு வச்சுக்குவேன். பிரஷர் உங்களுக்குத்தானேங்க, எனக்கா?"

ஊருக்கெல்லாம் உப்பு போட்டது நான், பார்த்தது அவள், ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் சாப்பிட்டது நான் ஒருவன் மட்டும் என்றாலும், இதையெல்லாம் கோணாத வாயால் சொல்ல முடிகிறதே, அது போதும்.